பேராச்சி காதில் விழுந்த இரண்டு சொல்

பேராச்சி என்று அம்மன் பெயரை வைத்துக்கொண்டு பேய்க்குப் பயப்படுகிறவள் பம்பாய் மான்குர்த்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள். பயப்படாமல் என்ன செய்வாள்? தாராவியில் இருந்த நாலு வருஷத்தில் இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டும் ஏழாம் மாதத்தில். மூன்றாவது தங்கி ஐந்து மாதம் ஆனதும், இந்த இடம் நமக்கு ஆகாது என்று புருஷனை நச்சரித்து, 1964 சித்திரையில் மான்குர்த்துக்குக் குடிவந்தாள்.

தகரக் கூரை போட்ட பன்னிரண்டு அறைகள் ஒரே வரிசையில் நின்றன. சுவரில் சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. பின்னால் ஓட்டு வீடுகளும் ஒரு சின்னக் கோயிலுமாகப் பழைய ஊர் ஒதுங்கிக் கிடந்தது. அங்கே யார் இருக்கிறார்கள் என்று வரிசைக்காரர்கள் யாரும் கேட்டதில்லை. பம்பாய் தங்களோடுதான் தொடங்கியது என்று நினைக்கிற சனம் அது. பேராச்சியும் அப்படித்தான் நினைத்தாள்.

புருஷன் பூலோகத்துக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து பாயில் விழுந்தால் சாயங்காலம் வரை கட்டை மாதிரி கிடப்பான். அறையின் நடுவில் அந்தப் பாய் விரிக்கிற இடம் மட்டும் சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். நல்ல இடம் என்று பேராச்சி சந்தோஷப்பட்டாள். ஒருநாள் அம்மிக்குழவி கைநழுவி அந்த இடத்தில் உருண்டபோது, தரை வெறுங்குடம் போலச் சத்தம் கொடுத்தது. சந்தோஷம் அன்றோடு போயிற்று.

அந்தப் பெண் முதலில் வந்தது வைகாசி நடுவில், நல்ல நடுப்பகலில். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கச்சம் வைத்துக் கட்டிய சேலை, நெற்றியில் பெரிய குங்குமம். வாசலில் நின்றாள். பேராச்சியைப் பார்க்கவில்லை; உள்ளே தரையைப் பார்த்தாள். பிறகு பேராச்சியின் வயிற்றைப் பார்த்தாள். தரையை நோக்கி விரலை நீட்டி என்னவோ சொன்னாள். வேகமான பேச்சில் இரண்டு சொல் மட்டும் பேராச்சி காதில் சுத்தமாக விழுந்தது. செத்த. உயிர்.

பேராச்சி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு வாரம் தவறாமல் அவள் வந்தாள். அதே நேரம், அதே விரல், அதே இரண்டு சொல். ஆனியில் மழைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தபோது, வாசற்படியில் மஞ்சளும் குங்குமமும் ஒரு தேங்காய் மூடியும் செம்பருத்திப் பூவும் வைத்திருந்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் இதற்கு ஒரே பெயர்தான் உண்டு. செய்வினை. தெருமுனையில் போய்க்கொண்டிருந்தவளைப் பேராச்சி விளக்குமாற்றோடு விரட்டினாள். அவள் ஓடவில்லை. திரும்பி நின்று, அழாக்குறையாக, மறுபடியும் அதையே சொன்னாள்.

அன்றுதான் ஏழாம் மாதம் பிறந்திருந்தது.

“கனா கண்டுட்டு உளறாத,” என்றான் பூலோகம். “மராட்டிக்காரிக்குத் தமிழ் எப்படிட்டி தெரியும்?”

“அதான் எனக்கும் பயமா இருக்கு. தெரியாதவ வாயில தமிழ் வருதுன்னா, பேசுதது யாரு?”

பூலோகம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. தரைக்கு அடியில் யாரோ வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு விழுங்குவது போன்ற சத்தம், இத்தனை நேரத்துக்கு ஒருதரம் என்று கணக்காக வந்தது. நாலாம் நாள் காலை மழை விட்டதும் பேராச்சி பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள். அங்கே சாயிரா இருந்தாள். காயல்பட்டினத்துக்காரி, பம்பாய்க்கு வந்து பதினைந்து வருஷம், இந்தியில் சண்டை போடும் அளவுக்குத் தேறியவள்.

“எக்கா, என்கூட அந்த ஊருக்குள்ள வாங்க. அவ கால்ல விழுதேன். சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கிடச் சொல்லுங்க. இந்தப் பிள்ளையும் போச்சுன்னா நான் இருக்க மாட்டேன்.”

சாயிரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அந்தப் பெண்ணின் பெயர் ஹவ்சாபாய். கோயில் மேடைக்குக் கீழே உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பேராச்சி நிஜமாகவே காலில் விழப் போனாள். ஹவ்சாபாய் பதறிப்போய் மீன் கையோடு அவளைத் தூக்கினாள். சாயிரா இந்தியில் கேட்க, அவள் மராட்டியில் சொல்ல, பாதி கையால் விளங்கியது. கேட்டு முடித்த சாயிரா வாயில் கையை வைத்துச் சிரித்தாள்.

“அட புள்ள, ‘ஷேத்’ண்டா வயலாம். ‘விஹீர்’ண்டா கிணறாம். வயக்கிணறுண்டு சொல்லியிருக்குது. நீ செத்த உயிருண்டு கேட்டுருக்கா.”

பேராச்சிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. ஒரு மாதம் சோறு இறங்காமல் கிடந்ததை நினைத்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். வரிசை வீடுகள் நிற்கிற இடமெல்லாம் ஹவ்சாபாயின் வயல். ஆறு வருஷத்துக்கு முன்னால் கைமாறி, வேலிக்குள் போயிற்று. உப்புத் தண்ணீர்ச் சீமையான இந்தப் பக்கத்தில் அந்த வயற்கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். மஞ்சளும் குங்குமமும் மழை பிறக்கும் முன் ஊர்ப்பெண்கள் கிணற்றுக்கு வைக்கிற மரியாதை.

“சரி, அந்தக் கிணறு இப்ப எங்க இருக்குதாம்?” என்றாள் பேராச்சி.

சாயிரா கேட்டாள். ஹவ்சாபாய் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். மேடையின் விளிம்பில் குதிகாலை வைத்து, கண்ணை மூடி, எண்ணிக்கொண்டே நடக்கத் தொடங்கினாள். முப்பது வருஷம் குடம் சுமந்த கால். சுவர் வந்தால் கையை வைத்து நின்றாள். சுற்றிப் போய் மறுபக்கம் அதே நேரில் நின்று எண்ணைத் தொடர்ந்தாள். இரண்டு பெண்களும் பின்னாலேயே போனார்கள். நாற்பத்தெட்டில் நின்றாள். நின்ற இடம் பேராச்சியின் வாசற்படி. கண்ணைத் திறந்து, இன்னும் நாலு என்று விரலைக் காட்டினாள்.

நாலாவது எட்டில் பாய் இருந்தது. பாயில் பூலோகம் தூங்கிக்கொண்டிருந்தான்.

வரிசை வீடு கட்டினவர்கள் கிணற்றைத் தூர்க்கவில்லை, மேலே பனங்கட்டைகளைப் பரப்பி மண் கொட்டிச் சிமெண்ட் பூசிவிட்டார்கள் என்று ஹவ்சாபாய் சொன்னதைச் சாயிரா தமிழில் சொன்னாள். பேராச்சி உள்ளே பாயப் போனாள். ஹவ்சாபாய் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு உயிர்ச் சுமை அந்தத் தரையில் ஏறக்கூடாது.

“ஏங்க,” என்று பேராச்சி வாசலிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள். இரைந்து கூப்பிட்டால் துள்ளி எழுவான், உண்மையைச் சொன்னால் நம்பமாட்டான் என்ற பயம். “ஏங்க, எனக்கு வலி எடுக்குது. குதிக்காம, சொவத்தை ஒட்டி வாங்க.”

எத்தனை தரம் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் அவன் கண்ணைத் திறந்தான். வலி என்ற சொல்லில் வெளிறிப்போய் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவன் வாசலைத் தாண்டியபோது உள்ளே கட்டை முறிகிற சத்தம் கேட்டது. அறையின் நடு, பாயோடும் டிரங்குப் பெட்டியோடும், அவசரமில்லாமல் கீழே இறங்கிப் போயிற்று. ஒரு மூச்சு கழித்துத்தான் தண்ணீரில் விழுந்த ஓசை வந்தது. பூலோகம் அப்படியே சேற்றில் உட்கார்ந்தான். இந்தப் பள்ளத்தின் மேல் மூன்று மாதம் புரண்டு படுத்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்கப் பேராச்சி அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஹவ்சாபாய் ஓரமாகக் குனிந்து எட்டிப் பார்த்தாள். ஆறு வருஷம் கழித்துத் தன் கிணற்றைப் பார்க்கிறாள். கயிறும் குடமும் கொண்டுவரச் செய்து ஒரே ஒரு குடம் மொண்டாள். மறுநாள் காலை கட்டினவர்களின் லாரி வந்து கல்லும் மண்ணும் கொட்டி, இந்தத் தடவை ஒழுங்காகவே மூடிவிட்டது.

போக்கிடமில்லாத பேராச்சியை ஹவ்சாபாய் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். ஆவணியில் பெண் பிறந்தது. வீறிட்டு அழுதது. பிள்ளைக்கு முதலில் யார் சீனித்தண்ணீர் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் வரும் என்று பேராச்சி ஊர்க்காரர்கள் நம்புவார்கள். சேனை என்பார்கள். சொந்தத்தில் யாரைக் கூப்பிட என்று பூலோகம் கேட்டான். விளக்குமாற்றுக்கும் அசையாமல் நின்றவளைப் பேராச்சி காட்டினாள்.

விஷயம் விளங்கியதும் ஹவ்சாபாய் உள்ளே போய், அன்று கிணற்றில் மொண்டு மூடி வைத்திருந்த குடத்தை எடுத்து வந்தாள். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. சர்க்கரை கலந்து, விரலில் தொட்டு, குழந்தையின் நாக்கில் வைத்தாள். பிறகு காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.