வானம்பாடிக் கூடுகளும் என் சந்தேகமும்

ஜீப்பில் ஸ்பானர் தேடி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கை விட்டபோது ஒரு துணிப்பை அகப்பட்டது. உள்ளே நீல ரிப்பன் கட்டிய மூங்கில் குச்சிகள். அத்திபெலேவுக்கு அப்பாலிருந்த புல்வெளியில், வானம்பாடிக் கூடுகளுக்கு அடையாளமாக நான் நட்டுவைத்தவை, பிறகு காணாமல் போனவை.

அந்த நிலத்தில் வீட்டு மனை போட இருந்தார்கள். அதற்கு முன் அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று பார்த்து எழுதும் வேலை எங்கள் சின்ன அலுவலகத்துக்கு வந்திருந்தது. மேடம் பறவை ஆராய்ச்சியாளர். நான் அவருக்கு உதவியாளன். எங்களை ஏற்றிப்போன டிரைவர் அண்ணன் மர்பி டவுன்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வானம்பாடி தரையில், புல் தூருக்குள் கூடு வைக்கும். ஆண் பறவை பாடிக்கொண்டே மேலே ஏறி, கால்களைத் தொங்கவிட்டபடி மெல்ல இறங்கும். அது இறங்கிய இடத்தை விட்டுக் கண்ணை எடுத்தால் போயிற்று. மண் நிறமும் அதன் நிறமும் ஒன்று. கூடும் அப்படித்தான். அதனால்தான் ஒவ்வொரு கூட்டுக்கும் இரண்டடி தள்ளி ஒரு குச்சி.

குச்சிகள் ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தபோது முதலில் ஆடு மேய்ப்பவர்களைச் சந்தேகித்தேன். பிறகு அண்ணனை. சாப்பாட்டுக்குப் பின் அவர் தனியாகப் புல்லுக்குள் நடப்பார். கேட்டால், "சும்னே, சும்மா ஒரு ரவுண்டு தம்பி" என்பார். மனைக்காரர்களின் காவலாளியோடு கன்னடத்தில் சிரித்துப் பேசுவார். நான் அருகே போனால் பேச்சு நின்றுவிடும். உண்மையிலேயே நின்றதா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று இன்று சொல்ல முடியவில்லை. கூடுகளே இல்லை என்று அறிக்கை போனால் யாருக்கு நல்லது என்று யோசிக்கத் தொடங்கியபின், அவர் டீ வாங்கிக் கொடுத்தால்கூட அதற்கு ஒரு உள்நோக்கம் இருப்பதாகப் பட்டது.

பையை மேடத்திடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் அண்ணனைக் கூப்பிட்டார்.

"நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா மேடம். காக்கா குச்சியப் பாத்து வருது. குச்சி இருக்கற கூட்டுலதான் முட்டை போவுது. தம்பிகிட்ட ரெண்டு வாட்டி சொன்னேன்."

சொல்லியிருந்தார். வண்டி ஓட்டுகிறவருக்குப் பறவையைப் பற்றி என்ன தெரியும் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். "கதை சொல்றாரு மேடம்" என்றேன். மறுநாள் வேறு டிரைவர் வந்தார்.

நோட்டில் குறித்துவைத்த அடையாளங்களைக் கொண்டு அரைநாள் தேடி, அண்ணன் குச்சி பிடுங்கிய கூடுகளில் ஆறைக் கண்டுபிடித்தேன். மறுபடியும் குச்சி நட்டேன். ஆறிலும் முட்டையோ குஞ்சோ பத்திரமாக இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை, ஒரு காகம் வந்து குச்சியின் மேல் உட்கார்ந்தது. கீழே குதித்தது. தேடவே இல்லை, நேராக இரண்டடி நடந்து புல்லுக்குள் தலையை விட்டது. வெளியே வந்தபோது அலகில் குஞ்சு இருந்தது. பிறகு அடுத்த குச்சிக்குப் பறந்தது. கத்திக்கொண்டே ஓடினேன். எல்லாக் குச்சிகளையும் பிடுங்கி முடித்தபோது ஆறு கூடுகளும் காலியாகக் கிடந்தன; சிலவற்றை நான் பார்ப்பதற்கு முன்பே அது காலி செய்திருக்க வேண்டும். தாய்ப்பறவை ஒன்று வாயில் வெட்டுக்கிளியோடு என்னைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணன் எச்சரித்ததையும் சேர்த்து. அதன்பின் நாங்கள் எங்கும் குச்சி நடுவதில்லை. எங்கள் அறிக்கைக்குப் பிறகு அந்த நிலத்தில் ஒரு மூலையை மட்டும் கட்டாமல் விட்டார்கள். இன்றும் வேலையாக அந்தப் பக்கம் போனால் வண்டியை நிறுத்திக் காது கொடுப்பேன். சில நாள் வானம்பாடியின் பாட்டு கேட்கும்.

கூடுகள் காலியான அந்த வாரமே மர்பி டவுனுக்குப் போனேன். அண்ணன் பள்ளி வேன் ஓட்டச் சேர்ந்திருந்தார். காகம் குச்சியைப் பார்த்து வந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரச் சொன்னேன். அவர் பிடுங்கிய இடங்களில் மறுபடி குச்சி நட்டதை மட்டும் சொல்லவில்லை.

"நான் சொன்னப்ப நம்பல. காக்கா வந்து காட்டினதும் நம்பிட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொன்னார். பிறகு கேட்டார்: "நான் குச்சி எடுத்த கூடெல்லாம் எப்படி இருக்கு தம்பி?"

"குஞ்செல்லாம் பறந்துடுச்சு அண்ணா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புல்லுக்குள் போய் வந்த அவரை நானும் எத்தனையோ முறை அப்படித்தான் சந்தேகத்தோடு பார்த்திருக்கிறேன்.