டர்பைனுக்குச் சந்தனமும் இருபத்தேழு வில்வ மாலையும்

அக்டோபர் 22. மாலை நான்கு மணி பத்து நிமிடம். அம்மாவின் கூடையில் இருபத்தேழு வில்வ மாலைகள். விற்றது பூஜ்யம்.

ஈரச் சாக்கு மேல் வில்வ இலை கிடந்தால் ஒரு பச்சை வாசனை வருமே... கொஞ்சம் கசப்பாக, மூக்கில் ஏறுகிற மாதிரி. ஏழு வருஷம் கழித்தும் அந்த வாசனை வந்தால் எனக்கு அந்த நான்கு மணிதான் ஞாபகம் வரும்.

அன்று சோமவார பிரதோஷம். காலடிப்பேட்டைப் பக்கம் எங்கள் சிவன் கோயில் வாசலில் மூன்று பூக்கடைகள். ஒன்று அம்மாவுடையது. அப்பா போன பிறகு எங்கள் வீடு ஓடியது அந்த ஆறடி இடத்தில்தான். வாசலில் ஒரு தடவை இடம் போனால் திரும்பக் கிடைக்காது.

நான் அப்போது வள்ளூர் பக்கம் ஒரு பவர் பிளான்ட்டில் டிரெய்னி. வேலை, மெஷின்களின் அதிர்வை அளப்பது. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ஏரியா ஃபேஸ்புக் குரூப்பில் எழுதினேன்: "டர்பைனுக்குச் சந்தனப் பொட்டு வைத்தால் வைப்ரேஷன் குறையாது. அலைன்மென்ட் பார்த்தால்தான் குறையும்."

இன்றும் அதைத்தான் சொல்வேன். உண்மை அது.

கெட்ட வார்த்தைகள் வந்தன. பழகியதுதான். ஆனால் மூன்றாம் நாள் யாரோ அம்மா கடையைப் படமெடுத்துப் போட்டுவிட்டார்கள். "இந்த நாத்திகனோட அம்மாதான் நம்ம சாமிக்குப் பூ விக்குது. யாரும் வாங்காதீங்க."

எங்கள் நாத்திகப் பக்கத்துத் தோழர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "நல்லதுதானே தோழர், அம்மா அந்தத் தொழிலை விடட்டும்" என்று கமெண்ட் போட்டு, சிரிக்கிற பொம்மை வேறு வைத்தார்கள். வாடகையை அந்தப் பொம்மையா கட்டும்?

பிரதோஷத்தன்று காலை ஷிப்ட் முடிந்து நேராகக் கோயில் வாசலுக்குப் போனேன். கூட்டம் எங்கள் கடையைத் தாண்டி, பக்கத்துக் கடை செல்வி அக்காவிடம் போய் நின்றது.

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னாடா, மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? தள்ளி நில்லு. சாமி இல்லன்றவன் பக்கத்துல நின்னா யாவாரம் எப்டி ஆவும்?"

சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது ஒருவர் வந்தார். புரொஃபைல் படத்தில் பார்த்த முகம். குரூப்பில் அந்தப் படத்தைப் போட்டவர். கையில் செல்வி அக்கா கடையில் வாங்கிய மாலை.

"யம்மா, அடுத்த பிரதோஷத்துலேர்ந்து நீ இங்க ஒக்காராத. புள்ளைய ஒழுங்கா வளத்துட்டு அப்பால வா."

நான் வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னா நைனா, குரூப்ல பேசுனது பத்தலயா?"

கையில் துடைப்பம். முழங்கால் வரை நனைந்த புடவை. பிரகாரம் கழுவிவிட்டு வந்த உழவாரப்பணிக் குழு, எட்டுப் பேர். முன்னால் நின்றவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் கமெண்ட்களில் படித்துப் படித்து அந்தப் பேச்சு தெரியும். மீனாட்சி அக்கா. ராயபுரத்தில் ஒரு சரக்கு ஏஜென்சியில் பில் போடுபவர். புரொஃபைல் படம் நந்தி. ஃபேஸ்புக்கில் என் நம்பர் ஒன் எதிரி.

"அவன் சாமி இல்லன்னான். நான் நாப்பது கமெண்ட் போட்டு அவன கிழிச்சிகினு கீறேன். நீ இன்னா பண்ண? ஒரு பொம்பள பொழப்புல கைய வெச்ச. இதுக்குப் பேரு பக்தியா?"

"அதுக்கில்லம்மா... நாத்திகன் வூட்டுப் பூவ சாமிக்கு எப்டி..."

அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. நார் கிழித்துக்கொண்டே சொன்னாள். "உன் கைல கீறதும் நான் கட்டுனதுதாம்பா."

உண்மை. செல்வி அக்காவுக்குக் கட்ட வராது. விடியற்காலையிலிருந்து மூன்று கடைக்கும் மாலை கட்டியது அம்மா கைதான்.

அவர் மாலையைப் பார்த்தார். கீழே போட முடியாது, சாமிக்கு வாங்கியது. எடுத்துக்கொண்டு போகவும் முடியாது, பேசிய பேச்சு அப்படி. கடைசியில் மாலையோடு உள்ளே போய்விட்டார். இடத்தைப் பற்றி அதற்கப்புறம் ஒருத்தரும் பேசவில்லை.

"ஒரு மால குடும்மா" என்றார் மீனாட்சி அக்கா. பின்னாலிருந்த ஏழு பேரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். தீபாராதனை மணி அடிக்கும்போது கூடை காலி.

போகும்போது என் பக்கம் திரும்பினார். "நீதான் டர்பைன் தம்பியா? எழுத்தப் பாத்து மீச வெச்ச ஆளுன்னு நெனச்சேன். ஒட்டடக்குச்சி மாறி கீற!"

நன்றி சொல்ல வந்தேன். கையை ஆட்டி நிறுத்திவிட்டார். ராத்திரி ஃபேஸ்புக்கில் கமெண்ட் வந்தது: "மாலை நல்லா இருந்தது. ஆனால் நீ எழுதியது தப்பு. பாயிண்ட் ஒன்று..."

என் ஃபீடில் இப்போது யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள், பிளாக் பண்ணுவார்கள், முகமில்லாத ஐடியிலிருந்து வீட்டு ஆளுங்களைத் திட்டுவார்கள். நாற்பது கமெண்ட் போட்டு மறுக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது?

அக்காவுக்கு இருக்கிறது. போன வாரம் எவனோ என் பதிவில் அம்மாவை இழுத்தான். முதல் பதில் அக்காவுடையது: "இவன்கூட சண்டை போட ஏற்கெனவே நான் கீறேன். வரிசைல வா."

அம்மா இன்றும் அதே ஆறடியில் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா நேற்றும் நீளமாக ஒரு மறுப்பு எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நம்ம பக்கத் தோழன் ஒருவன் அவரது நெற்றி விபூதியைக் கிண்டல் செய்திருக்கிறான்.

அதனால் இன்று:

1. அந்தக் கிண்டலை நீக்குவது. ஏன் நீக்கினேன் என்று அவன் பெயரைக் குறிப்பிட்டே எழுதுவது.

2. அக்காவுக்குப் பதில். மூன்றாவது பாயிண்ட் முழுக்கத் தப்பு.

3. பிரதோஷத்தன்று ஷிப்ட் மாற்றிக்கொண்டு, அம்மாவின் கூடையைக் கோயில் வாசல் வரை தூக்கிப் போவது.

வாசல் வரைக்கும்தான்.