பெயரை அடித்து முடிப்பதற்குள்

என் கடைப் பெயரைப் போனில் அடித்துப் பாருங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அடித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஏன் அடிக்கக் கூடாது என்பதும் அதிலேயே வந்துவிடும்.

பதினோரு வயதில் சித்தூர் பஸ் ஸ்டாண்டு ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தவன் நான். படிப்பு நான்காம் வகுப்போடு சரி. இன்றைக்குச் சித்தூரிலோ திருப்பதியிலோ கல்யாணச் சமையல் என்று பேச்சு வந்தால் முதலில் மூன்று பேரைச் சொல்வார்கள். ஒருவன் நான். மற்ற இருவரும் என்னிடம் வேலை கற்றவர்கள். இரண்டாயிரம் பேருக்குப் பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று காகிதம் பார்க்காமல் சொல்வேன். இதைத் தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். வேறு யார் என்னைப் பற்றிச் சொல்லப் போகிறார்கள்? நாற்பது வருடத்தில் என் பந்தியில் சாப்பிட்டு ஒருவருக்கு வயிறு வலித்தது என்று ஒரு சொல் கிடையாது.

என் கையில் வேலை நடக்கும் முறை ஒன்று உண்டு. எந்த அண்டாவும் மூன்று பேர் உப்புப் பார்க்காமல் அடுப்பிலிருந்து இறங்காது. சமைத்தவன் பார்ப்பான், சமைக்காதவன் ஒருவன் பார்ப்பான், மூன்றாவதாக நான் பார்ப்பேன். ஒரு நாக்கை நம்பக் கூடாது. ஒருவனுக்குச் சளி பிடித்திருக்கும், ஒருவன் அப்போதுதான் வெற்றிலை போட்டிருப்பான். மூன்று நாக்கும் சரி என்றால்தான் சரி. இந்தப் பழக்கம்தான் என்னை மேலே கொண்டு வந்தது. போன வருடம் என் காலை வாரியதும் இதே பழக்கம்தான்.

நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். அவருடைய மூத்த பெண்கள் இருவர் கல்யாணத்துக்கும் நான்தான் சமைத்தேன். மூன்றாவது பெண்ணுக்குத் திருப்பதியில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணமும் திருப்பதியில், செலவு இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி என்று பேச்சு. சமையலுக்கு நான்தான் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அப்புறம் ஒருநாள் மதியம் போன் செய்தார். குரலே சரியில்லை.

"அண்ணா, மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வேற ஆளப் பாக்கலாம்னு சொல்லிக்கினு இருக்காங்க. நீயே நேர்ல வந்து பேசுண்ணா. என் வாயால சொல்ல வரல."

அடுத்த நாளே இருவரும் திருப்பதிக்குப் போனோம். அந்த வீட்டில் பேசுகிறவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. மரியாதையான மனிதர்தான், காபி கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். போனை எடுத்து என் முன்னால் வைத்து, தேடுகிற பெட்டியில் என் கடைப் பெயரின் முதல் மூன்று எழுத்தை அடித்தார். அவ்வளவுதான் அடித்தார். மீதிப் பெயரை அதுவே எழுதிக்கொண்டு கீழே ஒரு பட்டியலை இறக்கியது. ஒரு வரியில் என் கடைப் பெயரும் சித்தூரும். ஒன்றில் போன் நம்பர். ஒன்றில் மெனு. நான்காவது வரியில் என் கடைப் பெயர், பக்கத்தில் 'ஃபுட் பாய்சன்'.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிப் படித்து முடித்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"நான் ஒண்ணுமே அடிக்கலைங்க, நீங்களே பாத்தீங்க. உங்க பேர்ல பாதிதான் அடிச்சேன். மிச்சத்த அதுவே சொல்லுது" என்றார்.

உள்ளே போய்ப் பாருங்கள் என்றேன். அதையும் முன்பே பார்த்திருந்தார். உள்ளே இருந்தது வேறு ஏதோ மாவட்டத்தில் விடுதிச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வாந்தி வந்த செய்தி. அந்த ஊரில் ஒருவன் என் கடைப் பெயரையே வைத்துக்கொண்டு காண்டிராக்ட் எடுத்திருக்கிறான். பெயர் ஒன்றுதான். ஆள் வேறு, ஊர் வேறு, அடுப்பே வேறு.

"அது நீங்க இல்லைன்னு எனக்குப் புரியுது. ஆனா எங்க அக்கா பாத்துட்டாங்க, பெங்களூர்ல இருக்கற மச்சான் பாத்துட்டான். உள்ள போய் யாரு படிக்கிறாங்க? அந்த ஒரு வரியப் பாத்துட்டு போன மூடி வெச்சுடறாங்க. கல்யாணத்தன்னிக்கு ஒரு குழந்தை வெயில்ல வாந்தி எடுத்தாக்கூட எங்களத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒரு மனிதன் வாய் திறந்து என்னைத் தப்பாகச் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இங்கே யாரும் எதையும் சொல்லவில்லை. கேட்பவன் கேள்வியை முடிப்பதற்குள் பதிலை வாயில் திணிக்கிற ஒரு பெட்டி. அதன் சட்டையை எங்கே பிடிப்பது?

நகரிக்காரர் விடவில்லை. நிச்சயதார்த்தச் சாப்பாடு பெண் வீட்டுச் செலவு, அதை அண்ணன்தான் செய்வார் என்று அங்கேயே அடித்துச் சொன்னார். சித்தப்பாவும் இறங்கி வந்தார். நிச்சயத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதற்குள் அந்த வரி போய்விட்டால் கல்யாணமும் உங்களுக்கே என்றார். நான் பத்து நாள் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த வேலைக்கும் அதிக நாள் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். அந்தப் பெட்டி எனக்குப் புதிதல்ல. ஒருமுறை அண்டா மூடியை ஒற்றைக் கையால் தூக்கி இடது தோள் பிடித்துக்கொண்டது. போனில் 'இடது தோள்' என்று அடித்தேன். 'வலி' என்ற சொல்லைத் தொடவே இல்லை, அதற்குள் 'மாரடைப்பு' என்று காட்டியது. எண்ணெய் தேய்க்கப் போன நான் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் குந்தியிருந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு திரும்பி வந்தேன். என்னைப் போல ஒரு விரலால் தடவித் தடவி அடிக்கிறவனுக்குத்தான் இதில் கஷ்டம் அதிகம். வேகமாக அடிக்கிறவன் அது காட்டுவதற்குள் தாண்டிப் போய்விடுவான். நாங்கள் அடுத்த எழுத்தைத் தேடுகிற நேரத்துக்குள் அது நாலு பயத்தைக் காட்டிவிடும். தேடப் போனது மறந்து, அது காட்டியதைத் தொட்டுவிடுவோம்.

வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் சொன்னேன். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறவள், விவரம் தெரிந்தவள். அந்தப் பட்டியலின் அடியிலேயே இது சரியில்லை என்று புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது என்று சொல்லி, உடனே எழுதிப் போட்டாள். பார்க்கிறோம் என்று ஒரு பதில் வந்ததாம். பார்ப்பவன் யார், எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்டேன். அதெல்லாம் தெரியாது மாமா என்றாள். தெரியாதவனை நம்பிக் கையைக் கட்டி உட்கார எனக்கு வராது. நான் என் வழியில் இறங்கினேன்.

என்னிடம் அப்போது ஐம்பத்திரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். மறுநாள் காலை டீ நேரத்தில் எல்லோரையும் நிற்க வைத்தேன். தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒவ்வொருவரும் தன் போனில் கடைப் பெயரை அடித்து, அந்த வரி இன்னும் இருக்கிறதா என்று பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். இருந்தால் அதைத் தொட்டு, உள்ளே புதிதாக ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ரேணிகுண்டாவில் இருக்கும் தம்பி வீட்டுக்கும், குடுபல்லியில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். ஒரு போனை நம்பக் கூடாது என்பதுதான் என் கணக்கு. ஒருவன் போன் பழசாக இருக்கும், ஒருவனுக்கு நெட் வராது. எல்லாப் போனிலும் போய்விட்டது என்றால்தான் போய்விட்டது.

எல்லோரும் ஒழுங்காகச் செய்தார்கள். என் ஆட்களிடம் நான் சொன்னது நடக்கும், அதைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். சிலர் கூடுதலாகவே செய்தார்கள். காய் நறுக்குகிற பெண்கள் வீட்டுக்குப் போயும் அடித்து, பக்கத்து வீட்டுக்காரர்களையும் அடிக்க வைத்தார்கள்.

முதல் நாள் நான்காவதாக இருந்த வரி ஐந்தாம் நாள் மூன்றாவதாக வந்தது. நான் விடவில்லை, காலை மாலையோடு மதியத்தையும் சேர்த்தேன். பத்தாம் நாள் இரண்டாவதாக வந்தது. அதற்கும் இரண்டு நாள் கழித்து ஒரு சமையல் மாஸ்டர் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். இப்போது முதல் வரியே அதுதான். மூன்று எழுத்துகூட வேண்டாம், இரண்டு அடித்தாலே வந்து நிற்கிறது. யாரோ எனக்கு எதிராக ஆள் வைத்துச் செய்கிறான் என்று முடிவு கட்டினேன். யார் யார் இருக்கலாம் என்று என் மனதில் நாலு பெயர் இருந்தது. ஒருவனுக்குப் போன் போட்டுச் சண்டையே பிடித்துவிட்டேன். அவன் பாவம், ஒன்றும் புரியாமல் என்னைத் திட்டிவிட்டு வைத்தான்.

அன்றைக்கு மருமகள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"மாமா, தினம் எத்தனை பேரு இத அடிச்சுப் பாக்கறாங்க?"

"நம்ம ஆளுங்க அம்பத்திரெண்டு பேரு. மூணு வேளை. அவங்க வூட்டாளுங்க தனி."

சோற்றில் இருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"ஜனங்க எத அடிக்கிறாங்களோ அதத்தான் அது மேல கொண்டாந்து வைக்கும் மாமா. நீங்க அது போச்சான்னு பாக்கறதுக்கு அடிக்கிறீங்க. இன்னாத்துக்கு அடிக்கிறீங்கன்னு அதுக்கு இன்னா தெரியும்? சித்தூர்ல இத்தனை பேரு இதையே கேக்கறாங்களேன்னு எடுத்துக்கும்."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் மேல் கத்தினேன். முதலிலேயே சொல்வதற்கென்ன என்றேன். நீங்கள் செய்வதை எங்கே என்னிடம் சொன்னீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். அதுவும் நியாயம்தான். அவளிடம் நான் சொல்லவில்லை. அடுப்படி வேலைக்கு ஆபீஸ் படிப்பு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் எல்லோரையும் நிறுத்தச் சொன்னேன். ஆரம்பிக்க வைத்தது சுலபம், நிறுத்துவது அப்படியில்லை. போய்விட்டதா என்று பார்க்கும் ஆசை அவர்களுக்கே வந்துவிட்டிருந்தது. ஒளிந்து ஒளிந்து பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் பார்த்தேன்.

நிச்சயதார்த்தம் வந்தது. நகரியில் மாப்பிள்ளை வீட்டார் இருநூறு பேர் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு நான் ஆட்களை நம்பி விடவில்லை, கரண்டியை நானே பிடித்தேன். கத்திரிக்காய்க் காரக்குழம்பு, பருப்புப் பொடிக்கு நெய், மிளகு ரசம், போளி. முதலில் சிலர் இலையில் விரலால் கிளறிக்கொண்டு இருந்தார்கள், எதற்கென்று எனக்குத் தெரியாதா? ஒரு அம்மாள் பேரனுக்கு வெறும் தயிர்சோறு மட்டும் பிசைந்து ஊட்டினாள். குழம்பு ஊற்றப் போனவனிடம் குழந்தைக்கு வேண்டாம் என்று கையை நீட்டி மறித்தாள். அந்தக் கையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் ரசம் வருவதற்குள் பந்தியில் பேச்சு மாறிவிட்டது. சித்தப்பா மூன்று போளி சாப்பிட்டார். இரண்டாவது தடவை காரக்குழம்பு கேட்டு வாங்கினார். முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்தார். நாற்பது வருடமாக மடித்த இலைகளைப் பார்க்கிறவன் நான். திருப்தி இல்லாதவன் அப்படி மடிக்கமாட்டான்.

கை கழுவிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இப்படி ஒரு குழம்பு சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டேன். அப்புறம் போனை எடுத்தார், ஆனால் திறக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"இப்ப அதுதாங்க மொத வரியா வருது."

ஏன் வருகிறது என்று சொன்னேன். நானும் என் ஆட்களும்தான் அடித்து அடித்து மேலே ஏற்றினோம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என்னை விடப் படித்த ஒரு மனிதரிடம் நான் ஏமாந்ததை ஒப்புக்கொண்டது வாழ்க்கையில் அது ஒருமுறைதான். அவர் சிரிக்கவில்லை. எனக்குப் புரியுதுங்க, அவங்க எல்லாருக்கும் நான் எப்படிச் சொல்றது என்று பந்தியைக் காட்டினார்.

"துன்ன வாய் இன்னா சொல்லுது? அதச் சொல்லுங்க போதும்" என்றேன்.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பந்திப் பக்கம் திரும்பினார்.

நகரிக்காரர் இதைக் கேட்டுக்கொண்டே வந்துவிட்டார். என் அண்ணன் சமைக்கவில்லை என்றால் கல்யாணத்தையே யோசிக்க வேண்டியிருக்கும் என்று குரலை உயர்த்தினார். உள்ளே பெண் தட்டு மாற்றிய புடவையோடு உட்கார்ந்திருக்கிறது. நான் அவர் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனேன்.

"வுடுப்பா. அது பொண்ணு போய் வாழப்போற வூடு. என் சாம்பாருக்காக அது அங்க பேச்சு வாங்கணுமா?"

கல்யாணச் சமையல் வேறு ஒருவருக்குப் போனது. திருப்பதியில் புதிதாகக் கடை போட்டவன். இரண்டாயிரம் இலைக்கு அவனிடம் ஆள் இல்லை. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் என்னிடமே வந்து நின்றான். மாஸ்டர் இருவர், பரிமாறப் பதினைந்து பேர், அண்டாக்கள் எல்லாம் கேட்டான். நன்றாக நான்கு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டான் என்னிடம். ஆனாலும் கொடுத்தேன். அது நகரிப் பெண்ணின் கல்யாணம். பந்தியில் சோறு குறைந்தால் தலை குனிவது அவள் அப்பன்தான். மாஸ்டர்களிடம் மூன்று பேர் உப்புப் பார்க்காமல் எதையும் இறக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். நான் போகவில்லை.

சாப்பாடு பிரமாதம் என்று ஊரே பேசியதாம். இப்போது அவன் கடைப் பெயரில் பாதியை அடித்தாலே கீழே 'கல்யாணச் சாம்பார்' என்று வருகிறதாம். மருமகள்தான் சொன்னாள். காட்டட்டுமா மாமா என்று போனை நீட்டினாள். அடிக்காதே என்று கையைப் பிடித்து நிறுத்தினேன்.