கடலைக்காட்டில் இறங்கும் விமானம்

ஓடுதளத்தை நீட்ட எங்கள் வீடும் தேவைப்படுகிறது என்று அளக்க வந்த அதிகாரி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு விமானம் கூரையை உரசுவதுபோல் இறங்கியது. அந்த இரைச்சலில் அவர் பேச்சு அமுங்கிப் போனது. எனக்குச் சின்ன வயதில் கேட்ட அம்மாவின் குரல்தான் காதில் ஒலித்தது.

"கடலைக்காட்டுல ஏரோப்ளேன் எறங்குது பாருடி."

எங்கள் வீட்டில் யாருமே அதை விமான நிலையம் என்று சொன்னதில்லை. உலகப்போரின்போது வெள்ளைக்காரன் தன் போர் விமானங்களுக்காக எங்கள் கடலைக்காட்டை எடுத்துக்கொண்டான். சண்டை முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொன்னானாம். நான் சிறுமியாக இருந்தபோது அம்மா கம்பிவேலியைத் தூக்கிப் பிடித்து ஆடுகளை உள்ளே விடுவாள். வெயிலில் இளகிய தார் வாசனையோடு ஆட்டு வாடையும் கலந்து வீசும். காவல்காரர் விசிலடித்தபடி ஓடி வருவார்.

"இது சர்க்கார் இடம்மா!"

"சண்டை முடிஞ்சிருச்சாண்ணே?"

"அது முடிஞ்சு எம்புட்டோ வருசமாச்சே."

"அப்ப எங்க காட்டுல உங்களுக்கு என்ன வேல?"

அவர் தலையைச் சொறிவார். ஆடுகள் வயிறு நிறைய மேய்ந்துவிட்டுத்தான் வெளியே வரும்.

இரைச்சல் அடங்கியது. அதிகாரி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் நாற்காலியை வாசலுக்கு நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏன் சார், சண்டை இன்னும் முடியலையா?"