கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு

அம்மாவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவை வாங்க நான் மட்டும்தான் போனேன். புற்றுநோய் என்றார் டாக்டர். காயம் ஆறட்டும், மூன்று வாரத்தில் மருந்து ஏற்றத் தொடங்கலாம் என்றார். அம்மாவிடம் வெறும் கொழுப்புக் கட்டி என்று சொல்லிவிட்டேன்.

காரணம் இருந்தது. பெரியம்மா இதே நோயில்தான் போனாள். அவளை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என்னிடம், தனக்கு இப்படி வந்தால் ஓர் ஊசிகூடப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். பம்மலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் கணவர் முதல் நாளே சொல்லிவிடு என்றார். நீங்கள் வாயே திறக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அதோடு என் தூக்கம் போயிற்று. பத்தே நாளில் இரண்டு கண்ணுக்குக் கீழேயும் மை தடவியதுபோல் கறுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அம்மா வீட்டுக்குப் போனால், அவள் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். ஏன் இப்படி ஆயிட்டே என்பாள். ஆபீஸில் வேலை அதிகம் என்பேன். நம்பவில்லை என்பது அவள் தட்டை வைக்கிற விதத்திலேயே தெரியும்.

இந்தக் கறுப்பு போனால் போதும், அவள் கேட்க மாட்டாள் என்று என் புத்தி ஒரே இடத்தில் போய் மாட்டிக்கொண்டது. வெள்ளரித் துண்டு வைத்தேன். உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, சாற்றில் பஞ்சை நனைத்து ஒற்றினேன். நாவலூரில் என் ஆபீஸ் ஃபிரிட்ஜில் ஈர டீ பைகளை ஒளித்துவைத்து, மத்தியானம் பாத்ரூமில் நின்றபடி கண்ணில் அழுத்திக்கொண்டேன். கறுப்பை மறைக்கும் கன்சீலர் பூசிப் பார்த்தேன். ஷேர் ஆட்டோவில் பம்மல் போய்ச் சேர்வதற்குள் வியர்வையில் அது கோடு கோடாக வழிந்துவிட்டது. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, எதற்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு வந்திருக்கிறாய் என்று கேட்டாள்.

கடைசியில் ஒரு மருந்துக் கடையில் முகம் வெளுக்கும் க்ரீம் வாங்கினேன். கண்ணுக்குப் பக்கத்தில் போடாதீர்கள் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். காலையும் மாலையும் அழுத்தித் தேய்த்தேன். மூன்றாம் நாள் தோல் எரிந்தது. நான்காம் நாள் இடது கண் பாதி மூடி, கீழே ஊதா நிறத்தில் வீங்கி நின்றது.

தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நாளைக்குள் சரியாக வேண்டும் என்று நான் கெஞ்சினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அங்க தோல் ரொம்ப மெல்லிசும்மா. தேய்க்கத் தேய்க்கக் கருக்கும். நீங்க முதல்ல தூங்குங்க" என்றார். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அம்மா ஆபரேஷன் காயத்தை டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள். போகாமல் இருக்க முடியாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா கையை நீட்டி அதைக் கழற்றினாள். வெகுநேரம் பார்த்தாள். வீங்கிய இடத்தை விரலால் மெல்லத் தொட்டுவிட்டு, கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டாள்.

சாயங்காலம் என் கணவர் என்னை அழைத்துப் போகப் பம்மலுக்கு வந்தார். அம்மா அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எதிரே நின்றாள்.

"மாப்பிள்ளை, என் பொண்ணு இனிமே இங்கயே இருக்கட்டும். கை நீட்டுற இடத்துல அவ இருக்க வேணாம்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். ஆனால் எனக்குக் கொடுத்த சத்தியத்துக்காகத் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள். உள்ளே போய் என் மாற்றுத் துணிகளை எங்கே வைப்பது என்று அலமாரியை ஒதுக்க ஆரம்பித்தாள்.

"அவர் அடிக்கலம்மா. உனக்குக் கேன்சர்ம்மா" என்றேன். இப்படியா சொல்வது என்று இன்றும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். ரிப்போர்ட்டைக் கேட்டாள். அது என் கைப்பையிலேயே இருந்தது. கண்ணாடி போட்டு, விடைத்தாள் திருத்துவதுபோல விரலால் வரிவரியாகத் தொட்டு இரண்டு முறை படித்தாள்.

"இதைப் பையில வெச்சுக்கிட்டா இத்தனை நாள் எம்பக்கத்துல உக்காந்து சாப்ட்ட?"

பிறகு எழுந்து போய் என் கணவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் அழுதுவிட்டார். மருந்து எடுத்துக்கொள்வேன் என்று சொல் என்று நான் அவள் காலைப் பிடித்தேன். இப்போது எதுவும் கேட்காதே, இரண்டு பேரும் கிளம்புங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நான் அவளைக் கொன்றுவிட்டதாகவே நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். மருந்து ஏற்ற எந்தக் கிழமை வர வேண்டும் என்று கேட்டாள். "பயமாத்தான் இருக்கு. நீ கூட இரு" என்றாள்.

இதுவரை நான்கு முறை மருந்து ஏற்றியாகிவிட்டது. முடி கொட்டிவிட்டது. சாப்பாடு தங்குவதில்லை. அடுத்த ஸ்கேனில் என்ன வரும் என்று டாக்டரும் சொல்வதில்லை. என் கண்ணில் வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரை சாப்பிடுகிறேன். கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது, போகவில்லை. நான் இப்போது பம்மலில் அம்மாவின் அறையிலேயே படுக்கிறேன். அவளுக்குக் குமட்டல் இல்லாத நாட்களில் இருவரும் நான்கைந்து மணி நேரம் தூங்குகிறோம்.