ஆறு விரல் நீட்டம்

ஜின் உண்டு என்று குர்ஆனே சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இப்படி ஆச்சு, அப்படி ஆச்சு என்று கதை விடுகிறவர்களை ஒருநாளும் நம்பியதில்லை. நீங்களும் என்னை நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் மேஸ்திரி. குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்த ஹாபிஸும்கூட. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். சுண்ணாம்புக் குழியிலிருந்து ஆட்கள் ஈரத்தோலை ஒன்றாக இழுக்க நான்தான் குரல் கொடுப்பேன். நீட்டிக் கூவி வெடுக்கென்று நிறுத்தினால் தோல் மேலே வரும். வினையே அதுதான். குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவின் கடைசிச் சொல்லை ஆறு விரல் மடக்கும் நேரம் நீட்டி ஓத வேண்டும், என் மூச்சோ குழிப் பழக்கத்தில் நாலாவது விரலிலேயே வெடுக்கென்று நின்றுவிடும்.

அந்த வருஷம் ரமலானில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை நடத்த என்னை வைப்பதா, வேலூரிலிருந்து ஆள் வரவழைப்பதா என்று பள்ளிவாசலில் பேச்சு. ஒருநாள் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் என்னை ஓதவிட்டுக் கேட்பதாக முடிவானது. சொந்தத் தெருவில் தோற்றால் எந்த முகத்தோடு நடப்பது? என் மனைவி பாத்திமா அழகாக ஓதுவாள். தினமும் எதிரே உட்கார்ந்து என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவாள், வலக்கையில் ஐந்து, ஆறாவதற்கு இடக்கைக் கட்டைவிரல்.

"இங்க இன்னா தோலா இழுக்கிறீங்க? நான் மடக்கி முடிக்கிற வரைக்கும் வுடாதீங்க" என்பாள். ஒருநாளும் ஆறு வரவில்லை.

அன்று ஹஜ்ரத் எட்ட உட்கார்ந்திருந்தார், மற்றவர்கள் சுவரோரம். கண்ணை மூடி ஓதினேன். அந்தச் சொல் வந்ததும், தொடைமேல் கிடந்த என் வலக்கைச் சுண்டுவிரலை யாரோ மடக்கினார்கள். வெதுவெதுப்பான கை, பாத்திமாவின் கை, எனக்குத் தெரியாதா? அடுத்தது, அடுத்தது என்று ஐந்தும் மடங்க மடங்க மூச்சு தானாக நீண்டது, பிறகு இடக்கைக் கட்டைவிரலும் மடங்கியது. அந்தக் கை மட்டும் சில்லென்று இருந்தது. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் யாருமே இல்லை.

"வேலூர்லேர்ந்து யாரும் வர வாணாம், நம்ம மேஸ்திரியே தொழ வைக்கட்டும்" என்றார் ஹஜ்ரத், எல்லோர் காதிலும் விழும்படி.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தேன். நான் வாய் திறப்பதற்குள் பாத்திமாவே ஆரம்பித்தாள்.

"அசர் தொழுதுட்டு அப்படியே கண்ணசந்துட்டேன். கனவுலயும் உங்க விரலத்தான் மடக்கிக்கினு இருந்தேன்."

ஆறையும் மடக்கினாயா என்று கேட்டேன்.

"எங்க, அஞ்சுதான். அதுக்குள்ள பால்காரன் கூப்டான், முழிச்சிட்டேன்."

அன்றிலிருந்து எங்கள் பள்ளிவாசலில் தராவீஹுக்கு வேறு ஆள் நின்றதில்லை. என் ஓதலைக் கேட்கப் பேரணாம்பட்டிலிருந்தும் வருகிறார்கள், எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமைதான். ஆனால் இன்றைக்கும் தொழுகையில் அந்தச் சொல் வரும்போது, வலக்கைக்கு அடியில் கட்டியிருக்கும் என் இடக்கைக் கட்டைவிரலை அந்தச் சில்லென்ற கை மடக்குகிறது. பாத்திமாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.