விட்டு வைத்த இரண்டு வரிகள்

குறிப்பேட்டில் ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவே எப்போதும் இரண்டு வரி விட்டுத்தான் சந்திரஹாச பூஜாரி எழுதுவார். மங்களூருக்கு வடக்கே, கடலோரக் காவல் நிலையம் ஒன்றில் அவர் ரைட்டர். இருபத்தாறு வருடமாக அதே மேசை, இன்ஸ்பெக்டர்கள்தான் மாறினார்கள். யாரை எப்போது பிடித்தோம் என்பதெல்லாம் பிறகு யோசித்து முடிவானதும் அந்த வெற்று வரிகளில் ஏறும். எது முதலில் எழுதியது, எது பின்னால் நுழைத்தது என்று எந்த வக்கீலாலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அதைப் பொய் என்று அவர் நினைத்ததுமில்லை. நல்ல கையெழுத்து என்றுதான் நினைத்திருந்தார்.

அந்த மழைக்காலத்தில் நிலையக் குறிப்பேடு கணினிக்குப் போனது. மூன்று நாள் பயிற்சி. ஒருமுறை சேமித்ததைத் திருத்த முடியாது என்று சொல்லிக்கொடுத்ததையும் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டார். தலைக்குப் போனது கைக்குப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, படகு எஞ்சின் திருட்டுக்காக தினேஷன் என்ற மீன்பிடித் தொழிலாளியை இழுத்து வந்தார்கள். சந்திரஹாசர் ‘தினேஷன், விசாரணைக்கு’ என்று மட்டும் தட்டிச் சேமித்தார். மீதியைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

அன்று முழுக்கப் பின்னறைக் கதவு சாத்தியே இருந்தது. புதன் மதியம் இன்ஸ்பெக்டர் சதானந்தர் வெளியே வந்தார்.

“பூஜாரி, இன்னிக்குக் காலைல ஆறு மணிக்குக் கைதுன்னு போடுங்க. நாலு மணிக்குக் கோர்ட்டு. எஞ்சின் எங்கேன்னு இன்னும் வாயைத் தெறக்கல. அஞ்சு நாள் நம்மகிட்டயே கொடுங்கன்னு கேக்கணும்.”

பிடித்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். சந்திரஹாசர் திரையில் நேற்றைய வரியைத் தேடினார். அது அங்கேயே இருந்தது. பக்கத்தில் அவர் எழுதாத ஒன்றும் இருந்தது: காலை 9.10.

“அது எதுக்கு அங்க நிக்குது?”

“இடம் விட்டு வெச்சேன் சார்.”

“கம்ப்யூட்டர்லயா? என்ன பூஜாரி மாராயரே, பஸ் சீட்டுல துண்டு போட்ட மாதிரியா!”

பக்கத்து மேசையில் கான்ஸ்டபிள் சுமதிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “அழிக்க முடியாது சார். நேரம் தானா விழுந்துடும். மேலாபீஸ்லயும் தெரியும்.”

சதானந்தர் குரலைத் தாழ்த்தினார். “அப்ப அது தப்பா விழுந்த பதிவு, நேத்து அவன் வரவே இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. ரிட்டயராக ரெண்டு வருஷம்தானே இருக்கு உங்களுக்கு? நல்லபடியா முடிங்க.”

சந்திரஹாசர் எழுதினார். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நீதிமன்றத்தில் தினேஷன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். வீங்கிய பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. அவன் நீதிபதியைப் பார்க்கவில்லை. சதானந்தரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீதிபதி குறிப்பேட்டின் நகலைப் புரட்டினார். “செவ்வாய்க்கிழமை ஒன்பது பத்து. இது யார் எழுதினது?”

“நான்தான் மேடம்.”

“தப்பா விழுந்த பதிவுன்னு உங்க இன்ஸ்பெக்டர் சொல்றாரே?”

தாளை எடுக்கச் சந்திரஹாசரின் கை பைக்குப் போனது. சாட்சிக்கூண்டில் எத்தனையோ முறை நின்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் தாளில் இருப்பதைப் படித்துவிட்டு இறங்கியவர். இன்று இரண்டு தாள்கள்: நீதிபதி கையில் நகல், பையில் மறுப்பு. பையில் இருந்ததில் அவர் பெயர் இன்னும் ஏறவில்லை.

“நேத்துக் காலைல இந்த ஆள் ஸ்டேஷன்ல இருந்தாரா, இல்லையா?”

தினேஷன் இப்போது சந்திரஹாசரைப் பார்த்தான்.

“இருந்தாரு மேடம்.”

காவலில் தர முடியாது, முதலில் மருத்துவமனை, அப்புறம் ஜாமீன் என்று நீதிபதி எழுதினார். ஜீப் சந்திரஹாசருக்காக நிற்கவில்லை. மழையில் பஸ்ஸுக்கு நடந்தார். செய்தது பெரிய காரியம் என்று தோன்றவில்லை. இத்தனை வருடம் இப்படி ஒரு கேள்விக்குத் தான் பதில் சொன்னதே இல்லை என்றுதான் தோன்றியது.

ஒரே வாரத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. மேசையை ஒப்படைக்கும் நாளில் கையால் எழுதிய கடைசிக் குறிப்பேட்டை விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து, வெற்று வரிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார்.

சுமதி எட்டிப் பார்த்தாள். “இனிமே இதுல யாரு சார் எழுதப் போறாங்க?”

“எழுதிடக் கூடாதேன்னுதாம்மா” என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.